பந்தயத்துக்குத் தயாரான பழைய எம்.ஜி.பி. காரை விற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சாதாரணப் பழைய காரை வாங்க வருபவர் பெயிண்ட்டைத் தடவிப் பார்ப்பார், குரோமில் முகம் பார்ப்பார். பந்தயத்துக்குத் தயார் செய்த வண்டியை வாங்க வருபவர் வேறு ரகம். அடுத்த ஏப்ரலில் இதைக் கொண்டுபோய் நிறுத்தினால் பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனையில் தேறுமா, தேறினால் எத்தனை ரேஸ் தாங்கும், அதற்குள் இன்னும் எவ்வளவு செலவு வைக்கும் என்றுதான் அவர் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். பளபளப்பு இந்தக் கணக்குக்கு உதவாது. காகிதங்களும் அளவுகளும்தான் உதவும். விற்பவர் செய்ய வேண்டிய வேலை எல்லாமே அந்தக் கேள்விகளுக்கு அவர் கேட்கும் முன்பே பதில் தயார் செய்வதுதான்.

உதாரணத்துக்கு 1964-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். இடம் பிரிட்டன். இன்று இந்தியச் சாலைகளில் ஓடும் எம்.ஜி. வண்டிகளுக்கும் இதற்கும் முகப்பு முத்திரை மட்டும்தான் உறவு. எம்.ஜி.பி. 1962-இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள அபிங்டன் தொழிற்சாலை 1980-இல் மூடப்படும்வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. 1798 சிசி, நான்கு சிலிண்டர், பின்சக்கர இயக்கம். உதிரி பாகங்கள் தாராளமாகக் கிடைப்பதால் அங்கே வரலாற்றுக் கார் பந்தயங்களில் அதிகம் கண்ணில் படும் வண்டிகளில் இதுவும் ஒன்று. டிரையம்ஃப் டி.ஆர்.4, ஆஸ்டின் ஹீலி, லோட்டஸ் எலான் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

எந்தப் பந்தயத்துக்கான வண்டி என்று முதலில் தெளிவாகுங்கள்

"ரேஸ் கார்" என்று மட்டும் சொன்னால் விவரம் தெரிந்தவர் நம்பமாட்டார். பந்தயத்துக்குத் தயாரான எம்.ஜி.பி.களில் முக்கியமாக இரண்டு சாதி உண்டு.

ஒன்று, சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி கட்டியது. அப்பெண்டிக்ஸ் கே என்ற விதித்தொகுப்பு கார்களைக் காலகட்டங்களாகப் பிரிக்கிறது. 1962 முதல் 1965 முடிய உள்ளது எஃப் காலகட்டம். அந்தக் காலத்தில் எந்தப் பாகங்களுக்கு அனுமதி இருந்ததோ அவற்றோடுதான் வண்டி இருக்க வேண்டும். லீவர் ஷாக் அப்சார்பர் இருந்த இடத்தில் லீவர்தான், டெலஸ்கோப்பிக் வைக்க முடியாது. டயர் டன்லப் ரேசிங் எல் செக்‌ஷன். கார்புரேட்டர் பெரும்பாலும் ஒற்றை வெபர் 45 டி.சி.ஓ.இ. "1966-க்கு முந்தைய ஜி.டி." என்ற பெயரில் நடக்கும் பந்தயங்களுக்கு இந்த வண்டிகள்தான் போகும்.

இரண்டாவது சாதி, கிளப் விதிப்படி கட்டியது. இன்ஜினைப் பெரிதாக்கியிருப்பார்கள், அலுமினிய ஹெட் போட்டிருப்பார்கள், நவீன டயர் இருக்கும். நேர்கோட்டில் எஃப்.ஐ.ஏ. வண்டியைவிட வேகமாகவே ஓடும். ஆனால் விலை குறைவு, ஏனென்றால் அது போய் நிற்கக்கூடிய பந்தயங்கள் குறைவு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிளப் வண்டியை "எஃப்.ஐ.ஏ.வுக்கு எளிதாக மாற்றலாம்" என்று விளம்பரத்தில் எழுதுவதுதான் தவறு. அந்த மாற்றத்தைச் செய்து பார்த்த எவரும் அதை எளிது என்று சொல்லமாட்டார். உங்களை நம்பாமல் போக அந்த ஒரு வரியே போதும்.

இன்னொரு சொல்லிலும் கவனம் வேண்டும். "குட்வுட் ரிவைவலுக்குத் தகுதியானது" என்று பலர் எழுதுகிறார்கள். அந்தப் பந்தயத்துக்கு அழைப்பு வந்தால்தான் போக முடியும். எந்த வண்டியை, எந்த ஓட்டுநரை அழைப்பது என்பதை அமைப்பாளர்கள்தான் முடிவு செய்கிறார்கள். காலகட்டம் பொருந்துகிறது என்று சொல்லுங்கள், இதற்கு முன் அழைப்பு வந்திருந்தால் அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

வண்டியின் அடையாளம்

வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியதும், பல விற்பனையாளர்கள் கேட்காமலே இருக்கட்டும் என்று நினைப்பதும் இதுதான்: இந்த பாடி ஷெல் எங்கிருந்து வந்தது?

எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடி ஷெல்தான் எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' பகுதி, தரை, பின்பக்க ஸ்பிரிங் தொங்கும் இடம் எல்லாம் துருப்பிடித்துப் போகும். பந்தயத்தில் இடி வாங்கினால் இன்னும் மோசம். 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் இந்த வண்டிக்குப் புத்தம்புதிய ஷெல்களைத் தயாரித்து வருகிறது. பந்தய எம்.ஜி.பி.கள் பல அந்தப் புது ஷெல்லில் கட்டப்பட்டவைதான். பந்தயக்காரர் பார்வையில் அது குறையே அல்ல, துருவில்லாத நேரான ஷெல்லுக்கு மகிழ்ச்சியோடு பணம் தருவார். ஆனால் அவரிடம் மறைத்திருந்து, வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கும்போது அவரே கண்டுபிடித்தால் பேரம் அங்கேயே முடிந்துவிடும். ஷெல் வாங்கிய ரசீது, பழைய ஷெல்லின் படங்கள், சேஸிஸ் எண் தகடு எப்போது யார் மாற்றிப் பொருத்தினார்கள் என்ற குறிப்பு, இவை மூன்றையும் கோப்பின் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

அடுத்தது ஹெரிடேஜ் சான்றிதழ். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகத்தில் அபிங்டன் தயாரிப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. சேஸிஸ் எண் கொடுத்தால் வண்டி எந்த நாளில் கட்டப்பட்டது, முதல் நிறம் என்ன, முதல் இன்ஜின் எண் என்ன, எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருவார்கள். இன்ஜின் எண் பொருந்தாவிட்டால் கவலை வேண்டாம், பந்தய வண்டியில் பொருந்தினால்தான் ஆச்சரியம். ஆனால் கட்டிய தேதி முக்கியம். 1964 அக்டோபருக்குப் பிறகுதான் கிராங்க் ஷாஃப்ட்டை ஐந்து மெயின் பேரிங் தாங்கும் இன்ஜின் வந்தது, அதற்கு முன் மூன்றுதான். இழுத்துத் திறக்கும் கதவுக் கைப்பிடி 1965 வரைதான். பிற்கால வண்டியை 1964 தோற்றத்துக்குக் கொண்டுவந்திருந்தால் அதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

"தொழிற்சாலை அணி ஓட்டிய வண்டி" என்று வாய்வழிக் கதை இருந்தால் அதை விளம்பரத்தில் ஏற்றும் முன் பலமுறை யோசியுங்கள். 1963 லெ மான் பந்தயத்தில் மணலில் சிக்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தோண்டி எடுக்கப்பட்டு, அப்படியும் 12-ஆவது இடத்தில் வந்து தன் வகுப்பை வென்ற எம்.ஜி.பி. ஒன்று உண்டு. 1966-இல் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரப் பந்தயத்தையே வென்றது இன்னொன்று. அந்தக் குடும்பத்து வண்டிகளின் விலை முற்றிலும் வேறு தளம். அவற்றைப் பின்தொடர்ந்து பதிவு செய்துவரும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆதாரமில்லாமல் அந்தப் பக்கம் கைகாட்டினால் ஒரே நாளில் வெளுத்துவிடும்.

வி5சி பதிவுச் சான்று இருந்தால் நல்லது. பொறுப்பில் வைத்திருப்பவர் யார் என்பதை மட்டுமே அது சொல்லும், உரிமைக்கு ஆதாரம் அல்ல என்று அந்தக் காகிதத்திலேயே அச்சிட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் வாங்கியபோது தந்த பில்லையும், அதற்கு முந்தைய பில்கள் கிடைத்தால் அவற்றையும் தேடி எடுங்கள்.

எஃப்.ஐ.ஏ. தொழில்நுட்பப் பாஸ்போர்ட்

எச்.டி.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். பிரிட்டனில் மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் மோட்டார்ஸ்போர்ட் யுகே மூலம் கிடைக்கும். பத்தாண்டு செல்லும். காரின் படங்களும் ஒவ்வொரு பாகத்தின் விவரமும் அதில் பக்கம் பக்கமாக இருக்கும்.

காரின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகச் சரிபாருங்கள். பாஸ்போர்ட்டில் கம்பிச் சக்கரம் இருந்து வண்டியில் அலாய் சக்கரம் நின்றால், கார்புரேட்டர் மாறியிருந்தால், ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜில் புதிதாக ஒரு குழாய் சேர்ந்திருந்தால், அந்தக் காகிதம் இந்த வண்டிக்கு ஆனதல்ல என்று பரிசோதகர் சொல்லக்கூடும். விற்பதற்கு முன்பே வண்டியைப் பாஸ்போர்ட்டுக்கு இணங்க வையுங்கள், இல்லையென்றால் பாஸ்போர்ட்டைத் திருத்த விண்ணப்பியுங்கள். காலாவதி ஆண்டை விளம்பரத்தில் எழுதுங்கள். இரண்டு ஆண்டுதான் மிச்சம் என்றால் வாங்குபவர் அதை விலையில் கழிப்பார், அது நியாயமும்கூட.

பாஸ்போர்ட் வரலாற்றுச் சான்றிதழ் அல்ல. வண்டியின் கட்டமைப்பு அந்தக் காலகட்டத்துக்குப் பொருந்துகிறது என்பது மட்டுமே அதன் பொருள். "எஃப்.ஐ.ஏ.வே உண்மையான வண்டி என்று சொல்லிவிட்டது" என்று பேசாதீர்கள்.

தேதி அச்சிட்ட சாமான்கள்

சீட், பெல்ட், பாதுகாப்புப் பெட்ரோல் டேங்க், தீயணைப்பான். இந்த நான்கிலும் ஒட்டியிருக்கும் தேதியைப் படம் எடுத்து வையுங்கள். பெல்ட்டில் எந்த ஆண்டுக்குப் பிறகு செல்லாது என்று தையலோடு சேர்த்தே எழுதியிருக்கும். டேங்குக்குள் பெட்ரோலைத் தாங்கும் எஃப்.டி.3 வகைப் பைக்கு ஐந்து ஆண்டு. தயாரித்தவரிடம் அனுப்பிச் சோதித்தால் இரண்டு ஆண்டு நீட்டிப்புக் கிடைக்கும். பொருத்தப்பட்ட தீயணைப்பானை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும். பெல்ட்டும் தீயணைப்பான் சர்வீஸும் பெரிய செலவில்லை, முடித்துவிடுங்கள். சீட்டை மாற்ற வேண்டாம். வாங்குபவர் உடம்புக்கு எது பொருந்தும் என்று உங்களுக்குத் தெரியாது.

இன்ஜின்: இங்கேதான் பேரம் நிற்கும் அல்லது விழும்

சாலையில் ஓடும் எம்.ஜி.பி. இன்ஜினுக்குக் கிட்டத்தட்ட 95 குதிரைத்திறன். நன்றாகக் கட்டிய பந்தய இன்ஜின் 150-ஐத் தாண்டும். அந்தக் கூடுதல் திறனுக்கு விலை, ஆயுள். அதனால் எல்லோரும் கேட்கும் கேள்வி, கடைசி ஓவர்ஹாலுக்குப் பிறகு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது. ஒவ்வொரு பயிற்சியையும் ரேஸையும் நிமிடக் கணக்கில் எழுதிய நோட்டுப் புத்தகம் உங்களிடம் இருந்தால், அது இன்ஜின் திறனை மேடையில் அளந்து தரும் டைனோ தாளைவிட மதிப்புள்ளது. டைனோ தாள் சொல்வது இன்ஜின் புதிதாக இருந்த அன்றைய நிலை. நோட்டு சொல்வது இன்றைய நிலை.

இதோடு ஒரு லீக் டவுன் சோதனையும் செய்துவிடுங்கள். கம்ப்ரெஷன் சோதனை மட்டும் போதாது. இன்ஜினைச் சூடாக்கி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒரு சிலிண்டரின் பிஸ்டனை கம்ப்ரெஷனில் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்த வேண்டும். எத்தனை சதவீதம் கசிகிறது என்று மீட்டர் காட்டும். பிறகு காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். கார்புரேட்டர் வாயில் சீறல் கேட்டால் இன்லெட் வால்வு. சைலன்சர் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று வருகிறது என்றால் ரிங். ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கெட். 1-3-4-2 என்ற வரிசையில் நான்கையும் முடித்து எழுதிக்கொள்ளுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதுதான் நல்ல சகுனம். மூன்று சிலிண்டர் 5 சதவீதத்திலும் ஒன்று 18-லும் நின்றால், அந்த ஒன்றைப் பற்றித்தான் மீதிப் பேச்சு முழுக்க நடக்கும்.

ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புக் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இருந்தால் இரும்பு, ஒட்டாமல் மினுங்கினால் பேரிங் உலோகம். சுத்தமாக இருந்தால் அதையும் படம் எடுங்கள், தேதியோடு. ஆயில் பிரஷரை எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது வீடியோ எடுங்கள். சாலை வண்டிக்கே ஓட்டத்தில் 50 முதல் 80 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும் என்பது தொழிற்சாலைக் கணக்கு. குளிர்ந்த இன்ஜினில் ஊசி நிமிர்ந்து நிற்பது எதற்கும் அத்தாட்சி அல்ல.

கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆகியவற்றில் யார் எப்போது வேலை பார்த்தார், பல் விகிதம் என்ன என்று எழுதினால் போதும். ஸ்டப் ஆக்சில், ஸ்டீரிங் ஆர்ம் இரண்டுக்கும் விரிசல் சோதனைச் சான்று இருந்தால் தனியாக எடுத்துக் காட்டுங்கள். பந்தயத்தில் உயிர் அவற்றின் மேல்தான் தொங்குகிறது, அனுபவசாலிகள் அதைக் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

எதைச் சரிசெய்வது, எதை அப்படியே விடுவது

கசிவுகளைச் சரிசெய்யுங்கள். தளர்ந்த ஒயரைக் கட்டுங்கள். பிரேக் ஆயிலை மாற்றுங்கள். முழு பெயிண்ட் வேண்டாம். முன்பக்கத்தில் கல்பட்ட தழும்பு பந்தய வண்டிக்கு இயல்பு. நேற்று அடித்த பெயிண்ட் வாசனை வந்தால், எதை மூடினார்கள் என்று வாங்குபவர் தேடத் தொடங்குவார். அடிப்பகுதிக்குக் கருப்புப் பூச்சு அடிப்பது அதைவிட மோசம்.

விலை வைப்பது

கட்டிய செலவைக் கூட்டி விலை வைக்காதீர்கள். பந்தய வண்டி கட்டிய செலவு திரும்பி வருவது மிக அரிது, சந்தைக்கு அந்த எண்ணில் அக்கறை இல்லை. மற்றவர்கள் விளம்பரத்தில் கேட்கும் விலையையும் நம்பாதீர்கள், அது ஆசை. இணைய ஏலங்களில் உண்மையில் கைமாறிய தொகைகளைப் பாருங்கள்.

நான் பரிந்துரைக்கும் முறை இது. இன்றே முழுமையாகத் தயாராக, எல்லாத் தேதியும் புதிதாக உள்ள இதே வகை வண்டி என்ன விலை போகும் என்று நிதானிக்கவும். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் உங்கள் வண்டிக்கு வரப்போகும் செலவை ஒவ்வொன்றாகக் கழிக்கவும்: இன்ஜின் ஓவர்ஹாலில் எத்தனை பங்கு கரைந்துவிட்டது, டேங்க் பை, டயர், பாஸ்போர்ட். வாங்குபவர் தன் வீட்டு மேசையில் இதே கழித்தலைத்தான் செய்யப்போகிறார். நீங்கள் செய்து வைத்திருந்தால் அவர் குறைக்கச் சொல்லும்போது தாளை எடுத்துக் காட்டலாம், அதற்குக் கீழே இறங்காமல் நிற்கலாம்.

உதிரிகளைத் தனியாக விற்கும் ஆசை வரும். விட்டுவிடுங்கள். கூடுதல் சக்கரங்கள், வேறு விகித டிஃபரன்ஷியல், வெபர் ஜெட் பெட்டி எல்லாம் வண்டியோடு போனால், வாங்குபவர் முதல் சீசனை நிம்மதியாக ஓட்டலாம். அந்த நிம்மதிக்கு அவர் பணம் தருவார்.

எங்கே, எப்போது

பிரிட்டனில் பந்தயப் பருவம் மார்ச், ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் முடியும். வாங்க நினைப்பவர் குளிர்காலத்தில் முடிவெடுப்பார், ஏனென்றால் வண்டியைத் தன் கைக்கு ஏற்றபடி மாற்ற அவருக்குச் சில மாதம் வேண்டும். கடைசி ரேஸ் முடிந்ததும் காகிதங்களைச் சேர்த்து, நவம்பரில் விளம்பரம் போடுவது நல்ல கணக்கு. பிப்ரவரியில் ஸ்டோன்லீயில் நடக்கும் ரேஸ் ரெட்ரோ கண்காட்சிக்கு இந்த உலகமே வந்துபோகும்.

விற்கும் வழிகளில் என் முதல் தேர்வு பேடாக்தான், அதாவது பந்தயத் தளத்தில் வண்டிகள் நிற்கும் முற்றம். அங்கே உங்கள் வண்டி ஓடுவதை இரண்டு சீசனாகப் பார்த்தவருக்கு நீங்கள் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. அடுத்து, பந்தயக் கார்களுக்கென்றே உள்ள விளம்பரத் தளங்கள். சிறப்பு விற்பனையாளரிடம் ஒப்படைத்தால் கமிஷன் போகும், ஆனால் வேடிக்கை பார்க்க வருபவர்களை அவரே வடிகட்டிவிடுவார். ஏலத்தில் விற்பவர் கமிஷன் ஒருபக்கம், வாங்குபவர் மேல்தொகை மறுபக்கம். கை தூக்குபவர் அந்த மேல்தொகையை மனதில் கழித்துக்கொண்டுதான் தூக்குவார். வரலாறு உள்ள அரிய வண்டிக்கு ஏல மேடை பொருத்தம். நல்ல, நேர்மையான, ஆனால் இதேபோல் பல உள்ள எம்.ஜி.பி.க்கு அவ்வளவாகப் பொருந்தாது.

விளம்பரம்

முதல் பத்தியிலேயே ஆண்டு, விதிவகை, பாஸ்போர்ட் காலாவதி, ஷெல் எது, இன்ஜின் மணி நேரம், கட்டியவர் யார் என்று வரட்டும். பிறகு குறைகள். "இரண்டாவது கியர் குளிரில் முரண்டு பிடிக்கும்" என்று நீங்களே எழுதினால், மற்ற வரிகளையும் ஆள் நம்புவார். படங்களில் அழகான கோணம் இரண்டு போதும். மீதி எல்லாம் அடிப்பகுதி, ரோல் கேஜ் வெல்டிங், டிக்கிக்குள் டேங்க், பெல்ட் தேதி, பாஸ்போர்ட்டின் முதல் பக்கம். ஓட்டுநர் தோளுக்கு மேலிருந்து எடுத்த ஒரு முழுச் சுற்று வீடியோவில் ஆயில், டெம்பரேச்சர் ஊசிகள் தெரிய வேண்டும்.

இங்கிலாந்தில் தனிநபர் விற்பனையில் "உள்ளது உள்ளபடி" என்று எழுதினாலும், பொய்யான விவரம் சொல்லி விற்றால் 1967-ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டம் வாங்குபவருக்கு வழி தருகிறது. தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால்

கேட்பது நியாயம், ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் சாவி கொடுக்காதீர்கள். தளத்தின் கட்டணம் யாருடையது, ஆர்.பி.எம். உச்சவரம்பு எவ்வளவு, எத்தனை சுற்று, மோதினால் யார் பொறுப்பு, இன்ஜின் போனால் யார் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சாலைக் காப்பீடு பந்தயத் தளத்தில் செல்லாது, அந்த ஒரு நாளுக்குத் தனிக் காப்பீடு எடுக்கலாம். முதலில் நீங்கள் ஓட்டி ஆயிலைச் சூடாக்கிய பிறகே அவரை உட்கார வையுங்கள். அவர் தன் மெக்கானிக்கை அழைத்து வந்தால் வரவேற்றுத் தேநீர் கொடுத்து, வண்டியை ஜாக்கில் தூக்கித் தனியே பார்க்க விடுங்கள்.

பணமும் ஒப்படைப்பும்

முன்பணத்துக்கு ரசீது கொடுங்கள், எந்தச் சூழ்நிலையில் திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதில் எழுதுங்கள். வங்கிக் கணக்கு எண்ணை மின்னஞ்சலில் அனுப்பினால், தொலைபேசியில் வாய்விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மின்னஞ்சலுக்குள் புகுந்து எண்ணை மாற்றும் மோசடி சாதாரணமாக நடக்கிறது. பணம் உங்கள் கணக்கில் விழுந்ததை உங்கள் வங்கியே உறுதிசெய்யும்வரை வண்டி டிரெய்லரில் ஏறக்கூடாது.

ஜெர்மனிக்கோ பிரான்ஸுக்கோ போகிறது என்றால், 2021 முதல் அது ஏற்றுமதி. சுங்கப் படிவமும் அங்கே இறக்குமதி வரியும் உண்டு. இதையே தொழிலாகச் செய்யும் சரக்கு முகவரிடம் விடுங்கள், வரி வாங்குபவருடையது என்று பில்லில் எழுதுங்கள். அமெரிக்காவுக்கு என்றால் 25 ஆண்டைக் கடந்த வண்டிக்கு அங்குள்ள பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு இருப்பதால் தடை குறைவு. சாலைப் பதிவு உள்ள வண்டியானால் கைமாறியதை வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்கு அன்றே தெரிவியுங்கள், வெளிநாட்டுக்கு என்றால் நிரந்தர ஏற்றுமதி என்று தெரிவிக்க வேண்டும். எச்.டி.பி. வண்டியோடு போக வேண்டியது. புது உரிமையாளர் தன் பெயரைப் பதியும்படி நினைவூட்டுங்கள்.

கடைசியாக, உங்கள் செட்டப் தாளைக் கொடுங்கள். பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தளத்தில் என்ன டயர் அழுத்தம், மழைக்கு என்ன, முன்சக்கரக் கோணம் எவ்வளவு, எந்த ஜெட், குளிரில் எத்தனை முறை பெடலை மிதித்து ஸ்டார்ட் செய்வது, கிளட்ச் சூடானால் எப்படி நடந்துகொள்ளும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். முதல் டெஸ்ட் நாளுக்கு நீங்களும் வருவதாகச் சொல்லுங்கள். இந்த உலகம் சின்னது. அடுத்த வண்டியை நீங்கள் வாங்கப் போகும்போது, அதை விற்பவர் முதலில் விசாரிக்கப் போவது இவரிடம்தான்.